துர்சுன்: 'தங்கட்டும்' என்று ஒரு பெயர்

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு திமித்ரி துர்சுனொவ் என்ற பெயர் பழக்கமாக இருக்கலாம். 1982இல் மாஸ்கோவில் பிறந்த ரஷ்ய ஆட்டக்காரர். பின்னாளில் பயிற்சியாளராகவும் அறியப்பட்டவர். கால்பந்து பக்கம் போனால், இஸ்தான்புல்லின் புகழ்பெற்ற கலாதாசராய் கிளப்பின் தலைவராக 2015இல் வந்தவர் துர்சுன் ஒஸ்பெக். தஜிகிஸ்தானின் ஒரு சொமோனி நோட்டைக் கையில் எடுத்தால், அதில் மிர்சோ துர்சுன்சோதா என்ற கவிஞரின் முகம் இருக்கும். ஊர் வேறு, மொழி வேறு, தொழில் வேறு. மூன்று பேரிடமும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: துர்சுன்.

குழந்தைகளுக்குப் பெயர் தேடும் பட்டியல்களில் இதற்கு 'நிலைத்திருப்பவன்', 'உறுதியானவன்' என்று பொருள் போட்டிருப்பார்கள். முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரின் உயிர் அதில் இல்லை. துர்சுன் ஒருவனுடைய குணத்தைச் சொல்லும் பெயரே அல்ல. அது ஒரு வினைமுற்று. ஒரே சொல்லில் அடங்கிய முழு வாக்கியம், அதுவும் ஒரு வேண்டுதல்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். துருக்கி என்பது ஒரு நாடு. துருக்கிய மொழிகள் என்பது பெரிய குடும்பம். துருக்கி மொழி, அசர்பைஜானி, துர்க்மென், உஸ்பெக், கசாக், கிர்கிஸ், உய்குர், தாத்தார், சைபீரியாவின் யாகூத் எல்லாம் அதில் சேரும். நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் டெல்லி சுல்தான்களில் குத்புதீன் ஐபக், இல்துத்மிஷ் போன்றவர்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த துருக்கிய இனத்தவர்கள்தாம். தமிழில் 'துருக்கர்', 'துலுக்கர்' என்ற சொற்களும் அந்த இனப்பெயரிலிருந்து வந்தவையே. ஆக, இந்த மொழிகளின் பெயர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு நமக்கு அந்நியமானவை அல்ல.

சரி, பெயருக்கு வருவோம். இதன் வேர் 'துர்' என்ற வினை. நில், இரு, தங்கு என்று பல பொருள்களில் வரும். துருக்கி நாட்டில் சாலைச் சந்திப்புகளில் சிவப்பு எண்கோணப் பலகை வைத்து, நாம் 'நில்' என்று எழுதுகிற இடத்தில் அவர்கள் இந்த 'துர்' என்பதைத்தான் எழுதியிருப்பார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு 'துராக்' என்று பெயர். உள்ளே பொத்தானை அழுத்தினால் 'துராஜக்' என்று விளக்கு எரியும், அதாவது 'நிற்கும்'. அவ்வளவு சாதாரணமான, தெருவில் கிடக்கிற சொல் அது.

அதனுடன் சேரும் 'சுன்' என்பது விகுதி. தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் நம்மிடமும் அது இருக்கிறது. வரட்டும், போகட்டும், ஆகட்டும் என்கிறோமே, அந்த 'அட்டும்'தான் அவர்களுடைய 'சின்', 'சுன்'. 'கெல்சின்' என்றால் வரட்டும். 'ஒல்சுன்' என்றால் ஆகட்டும். முன்னால் வரும் உயிரொலிக்கு ஏற்றபடி விகுதியின் உயிர் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படியானால் துர்சுன் என்றால் இருக்கட்டும், தங்கட்டும்.

'தங்கட்டும்' என்பதே சரியான தமிழாக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'அந்த வீட்டில் பிள்ளை தங்கவே இல்லை' என்று தணிந்த குரலில் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோயின என்று பொருள். துர்சுன் என்ற பெயர் பிறந்ததும் அப்படிப்பட்ட வீட்டில்தான். முன்னால் பிறந்தவை போய்விட்டன. இப்போது இன்னொன்று பிறந்திருக்கிறது. இதாவது தங்கட்டும். அந்த வேண்டுதலையே பெயராக வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அவனை யார் எப்போது கூப்பிட்டாலும், சாப்பிட அழைத்தாலும், விளையாட அழைத்தாலும், திட்டினாலும்கூட, அந்த வேண்டுதல் மறுபடி ஒருமுறை சொல்லப்படும். எனக்குத் தெரிந்த பெயர்களில் இவ்வளவு உருக்கமானது வேறு இல்லை.

இது ஏதோ சில குடும்பங்களின் தனிச் சோகமாக இருந்திருந்தால் ஒரு பெயர் இவ்வளவு பரவியிருக்காது. தடுப்பூசியும் நோய்க்கிருமி பற்றிய அறிவும் வருவதற்கு முன், உலகில் எங்கு பார்த்தாலும் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதி வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்தன. புல்வெளி நாடோடிகளுக்கு அதன்மேல் கடுங்குளிரும் இடம்பெயர்தலும் வேறு. மிக அண்மைக் காலம் வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. துருக்கியில் 1960இல்கூட, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 150க்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அது ஆயிரத்துக்குப் பத்து என்ற அளவில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் துர்சுன் என்ற பெயரின் கதை இருக்கிறது.

இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர்களை வரிசையாகப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் மனநிலை மாறுவது இலக்கணத்திலேயே தெரியும். துர்சுன் என்றால் தங்கட்டும். துர்து என்றால் தங்கினான், இறந்தகாலம். துர்க்மெனிஸ்தானில் துர்தி என்றும், உய்குர்களிடம் துர்தி, தோஹ்தி என்றும் இது நிறைய உண்டு. துர்முஷ் என்றால் தங்கிவிட்டவன். துரான் என்றால் தங்குகிறவன். இன்னொரு வேரிலிருந்து யாஷார், வாழ்வான் என்று பொருள். உலகப் புகழ்பெற்ற துருக்கி நாவலாசிரியர் யாஷார் கெமாலின் பெயரில் இருப்பது இதுதான். இன்னும் ஒரு படி மேலே போய் ஒல்மெஸ், உஸ்பெக்கில் உல்மஸ். சாகான் என்று பொருள். கெஞ்சலில் தொடங்கிய பெயர் வரிசை அறைகூவலில் போய் முடிகிறது.

துர்முஷ் என்பதில் வரும் அந்த 'மிஷ், முஷ்' விகுதியைக் கவனியுங்கள். நடந்து முடிந்த செயலைக் குறிப்பது அது. 1211 முதல் 1236 வரை டெல்லியை ஆண்ட இல்துத்மிஷின் பெயரில் இருப்பதும் அதுவே. 'இல்' என்றால் நாடு, 'துத்' என்றால் பிடி. நாட்டைப் பிடித்தவன், நாட்டைத் தாங்கியவன் என்று பொருள் சொல்வார்கள். பள்ளியில் அந்தப் பெயரை உருப்போட்ட நாளில் இதை யாராவது சொல்லியிருந்தால் மறந்தே போயிருக்காது.

வரலாற்றில் இந்தப் பெயர் வகைக்குப் பெரிய எடுத்துக்காட்டு தோக்தமிஷ். தங்கமய நாடோடிப் படை என்று அழைக்கப்பட்ட பேரரசின் கான், 1382இல் மாஸ்கோவைச் சூறையாடியவர். 'தோக்த' என்றாலும் நில், தங்கு என்றே பொருள். ஆக அவர் பெயரின் நேர்ப்பொருள் 'தங்கிவிட்டவன்'. அவரை அரியணையில் ஏற்ற உதவியவர் தைமூர். அப்புறம் இருவரும் பகைத்துக்கொண்டார்கள். 1395இல் தெரெக் ஆற்றங்கரையில் தைமூர் அவரை முறியடித்தார். அடுத்த மூன்றாவது ஆண்டில் தைமூர் டெல்லிக்கு வந்து என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியும். தைமூர் என்ற பெயருக்குப் பொருள் இரும்பு. துருக்கி மொழியில் தெமிர். படைகளை அழித்த இந்த இரண்டு மனிதர்களின் பெயர்களும் ஒரு காலத்தில் தொட்டிலருகே சொல்லப்பட்டவை. ஒன்று 'தங்கிவிட்டான்', இன்னொன்று 'இரும்பாக இருக்கட்டும்'.

இரும்பு ஏன் என்று கேட்டால், அதற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தொடர்பு உண்டு. துருக்கிய மக்களின் பழைய நம்பிக்கையில் அல்பஸ்தி என்று ஒரு கெட்ட ஆவி வருகிறது. துருக்கியில் அல்கரிசி என்பார்கள். பிரசவித்த பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் தாக்குவது அதன் வேலை. அதற்கு இரும்பைக் கண்டால் பயம். அதனால் தாயின் தலைமாட்டில், தொட்டிலருகில் கத்தியோ கத்தரிக்கோலோ வைப்பார்கள். பிறந்த முதல் 40 நாள்தான் மிகவும் ஆபத்தான காலம் என்று நம்பினார்கள். கசாக் மக்கள் நாற்பதாம் நாளில் நாற்பது கரண்டி தண்ணீர் ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டும் சடங்கை இன்றும் கொண்டாடுகிறார்கள். துருக்கியிலும் 'நாற்பது கழித்தல்' என்று பொருள்படும் பெயரோடு அந்த வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையை இழந்த வீடுகள் எத்தனை இருந்திருந்தால் இப்படி ஒரு கணக்கு உருவாகியிருக்கும்!

அல்பஸ்திக்கு எதிர்ப்பக்கம் உமாய் என்ற தாய்த்தெய்வம். கருவையும் கைக்குழந்தையையும் காப்பவள். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில், கி.பி. 732இல் குல் தெகின் என்ற இளவரசனின் நினைவாக நடப்பட்ட கல்வெட்டிலேயே அவள் பெயர் வருகிறது. அரசியான தாயை 'உமாயைப் போன்றவள்' என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. 'தங்கட்டும்' என்ற வேண்டுதலை முதலில் கேட்டவர்கள் விண்ணின் கடவுளான தெங்ரியும் இந்த உமாயும்தான். இஸ்லாம் வந்த பிறகு கேட்கிறவர் அல்லாவானார், வேண்டுதல் மாறவில்லை. குழந்தையின் வலது காதில் தொழுகை அழைப்பைச் சொல்லி, அதன் பெயரை மூன்று முறை ஓதும் வழக்கம் வந்தது. அரபுப் பெயர்கள் பழைய பெயரோடு கலந்து துர்சுன் அலி, துர்சுன் முகம்மத் என்று ஆயின. பேரரசுகளும் மதங்களும் மாறிய நிலத்தில் இந்த ஒரு வினைச்சொல் அப்படியே நின்றது.

ஒகுஸ் துருக்கியரின் பழங்கதைகளில் தெதெ கொர்குத் என்ற முதியவர் வருவார். இளைஞன் ஒரு வீரச்செயல் செய்த பிறகுதான் அவனுக்குப் பெயர் சூட்டுவார். தனியாக நின்று காளையைக் கொன்ற சிறுவனுக்கு, காளை என்ற சொல்லை வைத்தே பொகாச் என்று பெயர் கொடுத்தார். பெயர் கொடுக்கும்போது அவர் சொல்வது: பெயரை நான் கொடுத்தேன், ஆயுளைக் கடவுள் கொடுக்கட்டும். அங்கேயும் அதே 'அட்டும்' வருகிறது. வீரன் ஒருவனுக்குப் பெயர் வைக்கும் வேளையிலும் முதல் கவலை ஆயுளைப் பற்றித்தான்.

வேண்டுதல் மட்டும் போதாது என்று நினைத்தவர்கள் தந்திரத்திலும் இறங்கினார்கள். துருக்கியில் சத்தில்மிஷ் என்று ஓர் ஆண் பெயர் இருக்கிறது. விற்கப்பட்டவன் என்று பொருள். கசாக்கில் சத்திபல்தி, உஸ்பெக்கில் சோதிபோல்தி, அதாவது விலைக்கு வாங்கினான். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைப் பக்கத்து வீட்டாருக்கோ, அடக்கத்தலத்துப் பெரியவருக்கோ பேருக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, எங்கிருந்தோ வாங்கியது என்று கெட்ட ஆவியை ஏமாற்றுவதுதான் திட்டம். சிறுவயதில் 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று கேலி கேட்டு அழுதவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நம் குப்பனும் பிச்சையும் வந்த வழியும் அதேதான். எவரும் எவரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரே பயம் இரண்டு இடத்திலும் ஒரே யோசனையைத் தந்திருக்கிறது.

அருவருப்பான பெயர் வைத்தால் எமனும் சீண்டமாட்டான் என்ற எண்ணமும் அங்கே உண்டு. கசாக், கிர்கிஸ் பெயர்களில் இத்பாய் என்று பார்க்கலாம். 'இத்' என்றால் நாய். ஜமான்பாய் என்பதில் 'ஜமான்' என்றால் கெட்டது. 19ஆம் நூற்றாண்டில் கசாக் நிலத்தில் தெசெக் தோரே என்று ஒரு சுல்தான் இருந்தார், கவிஞரும்கூட. செங்கிஸ்கான் வழி வந்த பிரபு. தெசெக் என்றால் எரிக்க வைத்திருக்கும் காய்ந்த சாணம், நம் வறட்டி. பிள்ளை உயிரோடிருந்தால் போதும் என்ற இடத்தில் குலப்பெருமை குறுக்கே வருவதில்லை.

பெண்களின் பெயர்களில் இதே இலக்கணம் வேறு கதை சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. துர்சுனாய், துர்சுன்குல் என்று 'தங்கட்டும்' பெண்களுக்கும் உண்டு. ஆய் என்றால் நிலா, குல் என்றால் மலர். அவை அன்பான பெயர்கள். ஆனால் துருக்கியில் யெதெர் என்று வைப்பார்கள், போதும் என்று பொருள். கசாக்கில் உல்பொல்சின், 'மகன் பிறக்கட்டும்'. அதே 'சின்' விகுதிதான், ஆனால் அந்தப் பெண்ணுக்காகச் சொல்லப்பட்டது அல்ல, அவளுக்குப் பின்னால் வர வேண்டிய தம்பிக்காகச் சொல்லப்பட்டது. வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சுமக்கிறவள் அவள். நம் ஊரில் 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் பெற்ற பெண்களுக்கு அந்தச் சுமை தெரியும்.

இனி உச்சரிப்பு பற்றி. துருக்கியிலும் அசர்பைஜானிலும் இந்தப் பெயரை 'துரை' என்பதில் நாம் சொல்கிற 'து'வோடு தொடங்குவார்கள். உஸ்பெக், கசாக், உய்குர் மக்கள் 'துணி' என்பதில் வருகிற 'து'வோடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு வித்தியாசம் கண்ணில் படாது. மேற்கே உள்ள ஒகுஸ் கிளை மொழிகளில் சொல்முதல் வல்லொலி பல இடங்களில் மெலிந்துவிட்டதே காரணம். தைமூர், தெமிர் என்று இரும்பு இரண்டு விதமாக ஒலிப்பதும் இப்படித்தான். ரோமன் எழுத்தில் பெயரைப் பார்த்தால், முதல் எழுத்தை வைத்தே அவர் குடும்பம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பெயரின் வாலும் ஒரு வரலாறு சொல்லும். ரஷ்ய ஆட்சியின்கீழ் வாழ்ந்த இடங்களில் 'ஒவ்' சேர்ந்து துர்சுனொவ் ஆனது. பாரசீகம் பேசும் தஜிக்குகளிடம் 'சோதா' சேர்ந்தது, துர்சுனின் மகன் என்று பொருள். நாம் தொடக்கத்தில் பார்த்த கவிஞர் துர்சுன்சோதா 1911இல் பிறந்தவர். 1947இல் டெல்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டுக்கு வந்தார். இந்தியாவைப் பற்றி எழுதிய கவிதைகளுக்காக மறு ஆண்டே ஸ்டாலின் பரிசு பெற்றார். ரெகார் என்று இருந்த தஜிக் நகரத்துக்கு 1978இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். யாரோ ஒரு வீட்டில் குழந்தை பிழைக்க வேண்டும் என்று சொன்ன சொல் இன்று ஒரு நகரத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. துருக்கியில் 'ஒக்லு' சேர்த்து துர்சுனொக்லு என்பார்கள், அதுவும் மகன்தான். உய்குர்களிடம் பரம்பரைக் குடும்பப்பெயர் கிடையாது, தந்தையின் பெயரே இரண்டாவதாக வரும். அதனால் ஒரு உய்குர் பெண்ணின் பெயருக்குப் பின்னால் துர்சுன் என்று இருந்தால், அது அவளுடைய அப்பாவின் பெயர்.

துருக்கியில் இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை வைப்பது குறைந்துவிட்டது. அல்பர்ஸ்லான், யூசுஃப் போன்ற பெயர்களைத்தான் பெற்றோர் விரும்புகிறார்கள். துர்சுன் என்றால் கிராமத்துத் தாத்தா பெயர் என்ற நினைப்பு வந்துவிட்டது. கருங்கடல் கரைப் பகுதி மக்களைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளில் தெமெல், துர்சுன் என்ற இரண்டு நண்பர்கள் வருவார்கள், நாடெங்கும் அவர்களைத் தெரியும். பெயரைக் கேட்டதும் பலருக்குச் சிரிப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பெயர் வழக்கொழிவதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் அது முழு வருத்தம் இல்லை. தங்குமா என்ற பயம் இல்லாமல் பெயர் வைக்க முடிகிற பெற்றோர்கள் அவர்கள். உஸ்பெக்கிஸ்தானிலும் உய்குர் மக்களிடமும் இந்தப் பெயர் இன்னும் நன்றாகவே புழங்குகிறது. அங்கே பல வீடுகளில் தாத்தாவின் நினைவாகவே அது பேரனுக்கு வருகிறது.

அந்தப் பெயர் கொண்ட ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் மரியாதையாக 'துர்சுன் பெய்' என்று அழைக்கலாம். கொஞ்சம் நெருங்கிவிட்டால் 'துர்சுன் ஆபி', ஆபி என்றால் அண்ணன். தாஷ்கண்ட் போனால் 'துர்சுன் அகா' என்று கூப்பிட வேண்டும். நம் காதில் அக்கா என்று விழும், ஆனால் உஸ்பெக்கில் அதற்கும் அண்ணன் என்றுதான் பொருள்.